பிரெஞ்சுக் கோப்பில் ‘எச்.டி.’ என்று மட்டும் இருந்தால்

சென்ற மாதம் எனக்கு வந்த எக்செல் கோப்பு ஒன்றில் மூன்று தாள்கள், 212 வரிகள். முதல் தாளில் ஒரு துணைமின் நிலையத்துக்கான உதிரிபாகப் பட்டியல் இருந்தது. மூன்றாம் தாளில் விலைப்பட்டியல். இரண்டிலும் ‘எச்.டி.’ என்ற ஈரெழுத்துச் சுருக்கம் வந்தது. எனக்கு முன்பே இயந்திர மொழிபெயர்ப்பு அந்தக் கோப்பில் ஓடியிருந்தது. அதைத் திருத்துவதுதான் என் வேலை. மூன்றாம் தாளின் கடைசி வரி இப்படி நின்றது: ‘மொத்தம், உயர் மின்னழுத்தம்: 48,600 யூரோ.’

முதல் தாளில் எச்.டி. என்பது ‘ஓத் தான்சியோன்’, உயர் மின்னழுத்தம். மூன்றாம் தாளில் அதே எழுத்துகள் ‘ஓர் தாக்ஸ்’, அதாவது வரி சேர்க்காத விலை. இரண்டுமே பிரெஞ்சில் அன்றாடம் புழங்குபவை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சுருக்கங்கள்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன. தெரியாத சுருக்கம் வந்தால் நின்று தேடுவோம், தெரிந்த சுருக்கம் வந்தால் நிற்பதில்லை.

நான் புதுச்சேரியில் பிறந்து அங்கேயே பிரெஞ்சு படித்தவள். 2008 முதல் பெங்களூரில் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறேன். வீடு அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்து போகும் தூரம். பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு. சில ஆண்டுகளாக ஓசூர் ஆலைகளின் தொழிலாளர்களுக்காகப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “அக்கா, கோப்பில் வெறும் எழுத்துதான் இருக்கிறது, சுற்றி ஒன்றுமே இல்லை. என்ன செய்வது?” அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். சுருக்கங்களை நம் வழக்கப்படி ஆங்கில எழுத்துப் பெயரால் எழுதுகிறேன், பிரெஞ்சுக்காரர் எச்.டி.யை ‘ஆஷ் தே’ என்றுதான் வாசிப்பார்.

அகராதியை எடுப்பதற்கு முன்

முதலில் கோப்பின் பெயரைப் படியுங்கள். பலர் படிப்பதில்லை. மொழிபெயர்ப்பு முகமை வைத்த வேலை எண்ணுக்குப் பின்னால் மூலப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ‘லோ சி.வி.சி.’ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரான்சில் கட்டடப் பணிகளை ‘லோ’ என்ற பகுதிகளாகப் பிரித்து ஒப்பந்தம் விடுவார்கள். சி.வி.சி. என்றால் சூடாக்கல், காற்றோட்டம், குளிரூட்டல். சி.எஃப்.ஓ. என்றால் வலுமின் வயரிங். சி.எஃப்.ஏ. என்றால் தொலைபேசி, கேமரா, தீ எச்சரிக்கை போன்ற நலிமின் வயரிங். வலுமின் பகுதியில் வரும் ‘பி.சி.’ பெரும்பாலும் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். அதே பி.சி. நகராட்சி அனுமதிக் கடிதத்தில் வந்தால் கட்டட அனுமதி. மேசைக் கணினியாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியில் யோசியுங்கள்.

பிறகு எக்செல்லில் மறைக்கப்பட்ட தாள், மறைக்கப்பட்ட நெடுவரிசை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடமாக இருந்தால் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். பிரெஞ்சில் அதைக் கார்த்தூஷ் என்பார்கள். நிறுவனம், அளவுவிகிதம், தேதி, திருத்த எண் எல்லாம் அங்கே இருக்கும். சுருக்கங்களின் விளக்கப் பட்டியல் பெரும்பாலும் முதல் வரைபடத்தில்தான் இருக்கும். உங்களுக்கு வந்ததோ பதினேழாவது வரைபடம். முதலாவதைக் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எச்.ஏ.எல். ஆலையில் சேத்தக் ஹெலிகாப்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சேத்தக் என்பது பிரெஞ்சு அலூவெட் 3, உரிமம் பெற்று இங்கே கட்டப்பட்டது. ஆகவே அவருக்குப் பிரெஞ்சு பேச வராவிட்டாலும் பிரெஞ்சு வரைபடம் படிக்க வரும். நான் ஒரு சுருக்கத்தை எடுத்துக்கொண்டு போனால் அவர் எழுத்தைப் பார்க்கவே மாட்டார். “இது எங்கே பொருத்தியிருக்கிறது, அம்மா? இதற்குள் என்ன போகிறது, எண்ணெயா, காற்றா, மின்சாரமா?” என்று கேட்பார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாத நாட்களில் அவரும் பதில் சொல்ல மாட்டார். பொருளை அறியாமல் பெயரைச் சொல்லக் கூடாது என்பதில் அவர் மிகக் கறாராக இருந்தார். எனக்கு வாய்த்த நல்லாசிரியர்களில் ஒருவராக அவரை நினைக்கிறேன்.

முன்னால் நிற்கும் சின்னச் சொல்

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு ஒரு பெரிய உதவி இருக்கிறது. ஆங்கிலத்தில் அது கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. சுருக்கினாலும் அந்தப் பால் போகாது. முன்னால் நிற்கும் லெ, லா, லே என்ற சின்னச் சொல்லில் அது தெரியும். ‘லெ’ ஆண்பால், ‘லா’ பெண்பால், ‘லே’ பன்மை.

எம்.இ.எஸ். என்ற சுருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு ஆவணம் ஒன்றில் அது இரண்டு பொருளில் வரும். ஒன்று ‘மீஸ் ஆன் செர்வீஸ்’, நிலையத்தை இயக்கத்துக்குக் கொண்டுவருதல். மற்றொன்று ‘மத்தியேர் ஆன் சுஸ்பான்சியோன்’, நீரில் கரையாமல் மிதக்கும் திண்மங்கள். முதலாவது பெண்பால் ஒருமை: ‘லா எம்.இ.எஸ்.’ இரண்டாவது எப்போதும் பன்மையில் வருவது: ‘லே எம்.இ.எஸ்.’ பிரெஞ்சில் சுருக்கங்களுக்குப் பன்மை விகுதி சேர்ப்பதில்லை. ஆகவே முன்னால் நிற்கும் அந்த ஒரு சொல்தான் சாட்சி. அருகில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் இருந்தால் வழக்கே முடிந்தது. அதே வரிசையில் டி.பி.ஓ. 5, டி.சி.ஓ. என்று உயிர்வேதி, வேதி ஆக்சிஜன் தேவைகளும் வரிசையாக நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நகரக் கழிவுநீர் ஆணையில் வரும் 25, 125, 35 என்ற மூன்று எண்கள் இந்த மூன்றுக்கும் உரியவை. அந்த எண்களைப் பார்த்தாலே எனக்கு இது நீர் ஆய்வு அட்டவணை என்று தெரிந்துவிடும்.

எஸ்.எஸ்.ஐ. இன்னொன்று. ‘லெ எஸ்.எஸ்.ஐ.’ என்றால் கட்டடத்தின் தீப்பாதுகாப்பு அமைப்பு. ‘லா எஸ்.எஸ்.ஐ.’ என்றால் தகவல் அமைப்புகளின் பாதுகாப்பு. ஒரு மருத்துவமனை ஒப்பந்தத்தில் இரண்டும் வரக்கூடும். ஒன்று புகை உணரியைப் பற்றிப் பேசும், மற்றொன்று கடவுச்சொல்லைப் பற்றிப் பேசும்.

இந்த வழி எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பி.ஏ.சி. என்பது வெப்பப் பம்பு, எரிபொருள் மின்கலம், ஐரோப்பாவின் பொது வேளாண் கொள்கை என்று மூன்றுக்கும் வரும், மூன்றுமே பெண்பால். உயிரெழுத்தில் தொடங்கும் சுருக்கத்தின் முன்னால் லெயும் லாவும் உயிர் இழந்து வெறும் ‘ல்’ ஆகிவிடும். அப்போதும் பால் மறைந்துபோகும். அட்டவணைகளிலோ இந்தச் சின்னச் சொற்களே இருக்காது. அங்கே அடுத்த வழிதான்.

ஜோடியைத் தேடுங்கள்

தொழில்நுட்பச் சுருக்கங்கள் தனியாக வாழ்வதில்லை. உயர் என்று ஒன்று இருந்தால் தாழ் என்று ஒன்று இருக்கும். திற என்று இருந்தால் மூடு என்று இருக்கும். உங்கள் வரியில் ஜோடி இல்லாவிட்டால் பத்து வரி மேலே, பத்து வரி கீழே தேடுங்கள். என் அனுபவத்தில் இதைவிட அதிகம் பலன் தந்த முறை வேறில்லை, அதனால் இதை விரித்துச் சொல்கிறேன்.

எச்.டி.க்குப் பக்கத்தில் டி.டி.சி. இருந்தால் அது விலை, டி.டி.சி. என்பது எல்லா வரியும் சேர்த்த தொகை. பிரான்சின் பொது வரிவிகிதம் 20 சதவீதம், ஆகவே இரண்டு நெடுவரிசைகளில் ஒன்று மற்றதைவிட 1.2 மடங்காக இருக்கிறதா என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 1,000க்குப் பக்கத்தில் 1,200 இருந்தால் கேள்வி முடிந்தது. எச்.டி.க்குப் பக்கத்தில் பி.டி. இருந்தால் அது மின்சாரம். இங்கே பி என்பது ‘பாஸ்’, தாழ்வு. பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் மின்பணியாளர்கள் எச்.டி. லைன், எல்.டி. லைன் என்று சொல்வது நமக்குப் பழக்கம். அந்த எச்.டி.யும் பிரெஞ்சு எச்.டி.யும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. எல்.டி. ஒத்துப்போகாது. பழக்கம் பாதி உதவும், பாதி கெடுக்கும்.

எச்.பி. இன்னும் சிக்கல். நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் வாங்கப் போனவர்கள் எல்லோருக்கும் எச்.பி. என்றால் குதிரைத்திறன்தான். பிரெஞ்சுக்காரர் குதிரைத்திறனை சி.வி. என்றோ சி.எச். என்றோதான் எழுதுவார். அவருடைய எச்.பி., பக்கத்தில் தாழ் அழுத்தமான பி.பி. இருந்தால் காற்று, நீர் போன்றவற்றின் உயர் அழுத்தம். பக்கத்தில் எச்.சி. இருந்தால் மின்கட்டணம் கூடிய நேரம், எச்.சி. என்பது கட்டணம் குறைந்த நேரம். ஜோடியே இல்லாமல் ஓம், வாட் என்ற அலகுகளோடு தனியாக நின்றால் அது ஒலிபெருக்கி. ஓர் ஆலையின் ஆற்றல் தணிக்கை அறிக்கையில் காற்றழுத்தக் கருவிகளும் மின்கட்டணமும் ஒரே பக்கத்தில் வரும். அங்கே முதல் எச்.பி.க்குக் கண்ட பொருளைக் கோப்பு முழுக்கப் பரப்பிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் தானாகவே அப்படிப் பரப்பும்; அந்த வசதியைச் சுருக்கங்களுக்கு மட்டும் அணைத்து வைப்பது என் வழக்கம்.

என்.ஓ.வுக்குப் பக்கத்தில் என்.எஃப். இருந்தால் சாதாரண நிலையில் திறந்தது, சாதாரண நிலையில் மூடியது. கட்டடத்தின் திசைகளைச் சொல்லும் வரைபடத்தில் என்.ஓ. வடமேற்கு, ஏனென்றால் பிரெஞ்சில் மேற்குக்கு ஓ. ஆங்கிலக் கண்ணோடு பார்த்தால் அது ‘இல்லை’ என்று வாசிக்கும். இ.யு.வைப் பார்த்தவுடன் ஐரோப்பிய ஒன்றியம் என்று எழுதாதீர்கள். பிரெஞ்சில் ஒன்றியத்துக்கு எழுத்துகள் தலைகீழாக யு.இ. குழாய் வரைபடத்தில் இ.யு. என்பது குளியலறை, சமையலறைக் கழிவுநீர், இ.வி. கழிப்பறை நீர், இ.பி. மழைநீர். சாலை வரைபடத்தில் இந்த இ.பி.யே தெருவிளக்காகவும் வரும். பக்கத்தில் குழாய் விட்டம் போட்டிருந்தால் மழைநீர், கம்பத்தின் உயரம் போட்டிருந்தால் விளக்கு.

நான் கசப்போடு கற்றுக்கொண்டது என்.சி. என்ற சுருக்கத்தில். தொழிலுக்கு வந்து நான்காவது ஆண்டு. ஒரு முகமை, பளு தூக்கும் இயந்திரங்களின் ஆய்வறிக்கையைத் துண்டு துண்டாக்கி, திரும்ப வரும் சொற்களை ஒருமுறை மட்டும் காட்டும்படி வரிசை மாற்றி அனுப்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘என்.சி.’ என்ற ஒற்றை வரி. பிரெஞ்சில் அது ‘நோன் கோன்செர்னே’, இதற்குப் பொருந்தாது என்றும் ஆகலாம். ‘நோன் கோன்ஃபோர்ம்’, விதிக்கு இணங்கவில்லை என்றும் ஆகலாம். நான் ‘பொருந்தாது’ என்று போட்டேன். கேள்வி எழுதவில்லை, குறிப்பும் வைக்கவில்லை. அந்த ஒரு வரி அறிக்கையில் பதினான்கு இடங்களில் போய் விழுந்தது. மூன்று இயந்திரங்களில் பாதுகாப்புத் தடுப்பு சரியில்லை என்று ஆய்வாளர் எழுதியதை, தடுப்பே தேவையில்லை என்று என் மொழிபெயர்ப்பு சொன்னது. ஓசூரில் ஒரு பராமரிப்புப் பொறியாளர் மூலத்தையும் கையில் வைத்திருந்ததால் பிழை பிடிபட்டது. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கோபப்படாமல் பேசினார். “மேடம், அந்த இயந்திரத்தின் அடியில் ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள்” என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முழு அட்டவணையைப் பின்னர் பார்த்தபோது விடை அங்கேயே இருந்தது. அதே நெடுவரிசையில் சி., என்.சி., எஸ்.ஓ. என்று மூன்று குறிகள் வந்திருந்தன. எஸ்.ஓ. என்பது ‘சான் ஓப்ழே’, பொருந்தாது. ‘பொருந்தாது’ என்ற இடத்தை ஏற்கெனவே ஒரு குறி நிரப்பியிருக்கும்போது என்.சி. வேறெதையோதான் சொல்ல வேண்டும். ஓர் அட்டவணையில் ஒரே பொருளுக்கு யாரும் இரண்டு குறி வைப்பதில்லை. இன்று எந்த அட்டவணை வந்தாலும் அந்த நெடுவரிசையில் வரும் எல்லாக் குறிகளையும் முதலில் தனியே எழுதிக்கொள்கிறேன், பிறகுதான் முதல் வரியைத் தொடுகிறேன். துண்டாக்கி அனுப்பினால் முழுக் கோப்பையும் கேட்கிறேன். தர மறுத்தால் அந்த வேலையை ஏற்பதில்லை.

புள்ளியும் அதன் இன்மையும்

சிறிய விஷயம், ஆனால் பலருக்குத் தெரியாது. பிரெஞ்சில் ஒரு சொல்லின் வாலை வெட்டிச் சுருக்கினால் இறுதியில் புள்ளி வரும். கடைசி எழுத்தை வைத்துக்கொண்டு நடுவை நீக்கினால் புள்ளி வராது. புள்ளி இருந்தால் சொல்லின் தொடக்கம் முழுதாக உங்கள் கையில் இருக்கிறது, அகராதியில் அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பார்த்தால் போதும். ‘எஷ்.’ என்று புள்ளியோடு வந்தால் வரைபடத்தில் அளவுவிகிதம், ஆய்வகத் தாளில் மாதிரி, விலைச்சீட்டில் பணம் செலுத்த வேண்டிய கடைசி நாள். புள்ளியில்லாமல் சி.டி.இ. என்று சிறிய எழுத்துகளில் வந்தால் முதலும் கடைசியும் தெரிகிறது: ‘கோமாந்த்’. அந்தச் சொல்லே இரட்டைப் பொருள் கொண்டது. கொள்முதல் ஆணை, இயந்திரத்தின் கட்டுப்பாடு. முன்னால் ‘எண்’ இருந்தால் ஆணை, ‘மின்னழுத்தம்’ இருந்தால் கட்டுப்பாடு. அவசரத்தில் தட்டச்சு செய்தவர்கள் இந்தப் புள்ளி விதியை மீறுவார்கள்; ஆகவே இதைத் தனிச் சாட்சியாகக் கொள்ளாமல் துணைச் சாட்சியாகக் கொள்ளுங்கள்.

துறையும் நாடும்

‘தான்சியோன்’ என்ற பிரெஞ்சுச் சொல் மின்னழுத்தத்துக்கும் வரும், இரத்த அழுத்தத்துக்கும் வரும். அதனால் எச்.டி.ஏ. என்பது மின்துறையில் மாறுமின்னோட்டம் 1 கிலோவோல்ட்டுக்கு மேல் 50 கிலோவோல்ட் வரையிலான பிரிவு. மருத்துவத்தில் உயர் இரத்த அழுத்த நோய். மருத்துவக் கருவியின் கையேட்டில் இரண்டும் வர வாய்ப்பிருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன். தமிழிலும் ‘அழுத்தம்’ என்று மொட்டையாக எழுதினால் இதே குழப்பம் திரும்பி வரும். மின்னழுத்தம், காற்றழுத்தம், நீரழுத்தம், இரத்த அழுத்தம் என்று எப்போதும் முழுதாக எழுதுங்கள்.

ஸ்டெப் என்று ஒரு சொல்லாகவே வாசிக்கப்படும் சுருக்கம் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு பொறி. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் எல்லோருக்கும் எஸ்.டி.பி. என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பிரெஞ்சு ஸ்டெப்பும் அதையே குறிப்பதால் மனம் உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் மின்னுற்பத்தித் துறையில் ஸ்டெப் என்பது நீரேற்று மின்நிலையம், நம் கடம்பாறையைப் போன்றது. கடம்பாறை 400 மெகாவாட். பிரான்சில் இசேர் மாவட்டத்தின் கிரான்மேசோன் சுமார் 1,800 மெகாவாட். அருகில் மெகாவாட் இருக்கிறதா, ஒரு நாளைக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நாடும் முக்கியம். பெல்ஜியத்தில் மின்நிறுவல் விதிகளை ஆர்.ஜி.ஐ.இ. என்பார்கள், பிரான்சில் பேசப்படுவது என்.எஃப். சி 15-100 தரநிலை. கியூபெக் விலைச்சீட்டில் பிரான்சின் மதிப்புக்கூட்டு வரியான டி.வி.ஏ. இருக்காது, அங்குள்ள வரிகளான டி.பி.எஸ்., டி.வி.கியூ. இருக்கும். முகவரி, நாணயம், தொலைபேசி எண்ணின் நாட்டுக் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு நாட்டை முதலில் முடிவு செய்யுங்கள். எழுத்து வரிசை மாறும் பன்னாட்டுப் பெயர்களும் உண்டு: பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் ஆங்கிலத்தில் ஐ.இ.சி., பிரெஞ்சு ஆவணங்களில் சி.இ.ஐ. கணினிக் கோப்பின் அளவு எம்.ஓ. என்றிருந்தால் அது மெகாபைட். பிரெஞ்சில் பைட்டுக்கு ‘ஒக்தே’. உலக நேரத்தைக் குறிக்கும் யு.டி.சி. என்ற சுருக்கம் ஆங்கிலச் சொல்வரிசைக்கும் பொருந்தாது, பிரெஞ்சுச் சொல்வரிசைக்கும் பொருந்தாது. இரு மொழிக்காரர்களும் சமரசமாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

தேடுவதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐயேட், கனடா அரசின் டெர்மியம் பிளஸ், கியூபெக்கின் கிரான் டிக்சியோனேர், மின்துறைக்கு எலெக்ட்ரோபீடியா ஆகிய இணையச் சொல்வங்கிகள் போதும். எல்லாம் இலவசம். ஆனால் சுருக்கத்தை மட்டும் தட்டி, வரும் பட்டியலில் முதலாவதை எடுக்காதீர்கள். சுருக்கத்தோடு அதே வரியில் இருக்கும் இன்னொரு பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். அதே உற்பத்தியாளரின் பழைய கையேடு கிடைத்தால் அது எந்த அகராதியையும்விட மேலான சாட்சி.

விரிவைத் திரும்ப வைத்துப் பார்த்தல்

ஒரு முடிவுக்கு வந்ததும் அந்த முழு விரிவைப் பிரெஞ்சு வாக்கியத்துக்குள்ளேயே திரும்ப வையுங்கள். கோப்பில் அந்தச் சுருக்கம் வரும் ஒவ்வோர் இடத்திலும் வையுங்கள். ஓரிடத்தில் இடறினாலும் நின்றுவிடுங்கள். பாவகடா போன்ற சூரிய மின்பூங்காவுக்கான ஆவணத்தில் பி.வி. என்றால் சூரிய ஒளிமின்னாக்கம் என்று யாரும் சொல்வார்கள். இப்படித்தான் நாற்பது இடங்களில் சரியாகப் பொருந்திவிட்டு, நாற்பத்தொன்றாவது இடத்தில் ‘சோதனைகளின் பி.வி.யில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும்’ என்று வந்தது. அது ‘ப்ரொசே வெர்பால்’, சோதனைப் பதிவறிக்கை. சூரியத் தகட்டில் யாரும் கையொப்பமிடுவதில்லை. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் அரை மணி.

கேள்வி கேட்கும் முறை

‘இந்தச் சுருக்கத்தின் பொருள் என்ன?’ என்று எழுதினால் பதில் வராது. முகமையில் இருப்பவருக்கு அது தெரியாது, வாடிக்கையாளருக்கு நீங்கள் எந்த வரியைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது. நான் எழுதுவது இப்படி: ‘தாள் 2, வரி 47, பி.சி.: சுவர் பிளக் பாயின்டா, கட்டுப்பாட்டு அறையா? அருகில் 16 ஆம்பியர் என்று இருப்பதால் பிளக் பாயின்ட் என்று வைத்திருக்கிறேன். சரி என்றால் பதில் தேவையில்லை. இல்லை என்றால் வியாழன் மாலைக்குள் ஒரு சொல் எழுதுங்கள்.’ ஒரு சொல்லில் பதிலளிக்கக் கூடிய கேள்விக்குப் பதில் வரும். உயிருக்கு ஆபத்துள்ள இடமாக இருந்தால் மட்டும் ‘பதில் தேவையில்லை’ என்ற வரியை எழுதக் கூடாது. அங்கே மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. சில நேரம் பொருளைக் கேட்பதைவிடப் புகைப்படத்தைக் கேட்பது எளிது. இயந்திரத்தின் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

பாரிஸ் நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கி இருக்கிறது. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் ஒன்றரை. அதற்கு முன் என் கேள்விகள் எல்லாம் ஒரே கடிதமாக அவர்கள் பெட்டியில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் அங்கே பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். மே மாதத்திலும் விடுப்பு நாட்களை ஒன்றோடொன்று பாலம் போட்டு இணைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் கேள்விகளை முதல் நாளே அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால்

அப்போது அந்தப் பிழை யாருக்கு என்ன செய்யும் என்று யோசிக்கிறேன். விலைப்பட்டியலோ கிடங்குப் பட்டியலோ என்றால் மூல எழுத்துகளையே வைத்து, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதுகிறேன்: இது இன்ன பொருளாக இருக்கலாம், உறுதி செய்யப்படவில்லை. பாதுகாப்புப் பலகை, இயக்கக் கையேடு என்றால் உறுதியாகாத வரியை விட்டுவைத்து, ‘இந்த வரி உறுதியாகாமல் இதை அச்சிட வேண்டாம்’ என்று எழுதி ஒப்படைக்கிறேன். இரண்டு பொருளையும் சாய்கோடு போட்டு எழுதுவதை ஒருபோதும் செய்வதில்லை. நம்மால் முடிக்க முடியாத முடிவை இரவுப் பணியில் நிற்கும் தொழிலாளியின் தலையில் அது கட்டிவிடுகிறது.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவலையும் சேர்கிறது. பெங்களூரின் முதலெழுத்தும் பாரிஸின் முதலெழுத்தும் பிரெஞ்சில் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பி’. ஆகவே ‘பி.பி.’ என்று தமிழில் எழுதினால் அதன் பின்னால் நாலு விதமான மூல எழுத்துச் சேர்க்கைகள் ஒளிந்திருக்கலாம். ‘டி’க்கும் இதே கதை. அதனால் ஆலைப் பலகைகளில் பிரெஞ்சுச் சுருக்கத்தை நான் தமிழ் எழுத்தில் வைப்பதே இல்லை. இயந்திரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் குறியை அப்படியே படமாக ஒட்டி, பக்கத்தில் பொருளை முழுதாக எழுதுகிறேன். ஏ.யு. என்று பொறித்திருக்கும் பொத்தானுக்கு ‘அவசர நிறுத்தம்’ என்று முதலில் எழுதினேன். ஓசூருக்கு பஸ்ஸில் போய், பணித்தளத்தில் நின்று கேட்டபோது எல்லோரும் அதை ‘எமர்ஜென்சி பட்டன்’ என்றார்கள். இப்போது பலகையில் ‘எமர்ஜென்சி பட்டன்: சிவப்பு, காளான் வடிவம். அழுத்தினால் இயந்திரம் நிற்கும்’ என்று இருக்கிறது. அங்கே நின்று கேட்டிராவிட்டால் என் நல்ல தமிழ் யாருக்கும் உதவியிருக்காது.

நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். கணினியிலும் இருக்கிறது, ஆனால் கையால் எழுதினால்தான் மனதில் நிற்கிறது. சுருக்கம், பொருள் என்ற இரண்டு பத்திகள் போதாது. எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்தச் சாட்சியால் முடிவுசெய்தேன் என்பதையும் எழுதுகிறேன்: ‘லா நின்றதால்’, ‘பக்கத்தில் மில்லிகிராம்’, ‘பொறியாளர் தொலைபேசியில் சொன்னார்’. உறுதியானதைப் பேனாவிலும் உறுதியாகாததைப் பென்சிலிலும் எழுதுகிறேன். பென்சில் வரியை அடுத்த கோப்பில் யாரும், நான் உட்பட, சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளரின் ஆவணத்தைப் பொதுவெளியில் ஒட்டி விளக்கம் கேட்பதும் கூடாது. கேட்க வேண்டுமென்றால் பெயர், எண் எல்லாம் நீக்கிய ஒற்றை வரியைக் கேளுங்கள்.

இந்த வாரத்துப் பக்கத்தில் பென்சிலில் ஒரே ஒரு வரி இருக்கிறது. ஒரு கொதிகலன் தாளில் பி.சி.ஐ. என்று வருகிறது. எரிபொருளின் கீழ் வெப்ப மதிப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன் ஜோடியான பி.சி.எஸ்., மேல் வெப்ப மதிப்பு, எங்கும் இல்லை. எண்ணின் பக்கத்தில் அலகும் இல்லை. இயற்கை எரிவாயுவுக்கு அந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 11 சதவீத வேறுபாடு, ஆகவே ஊகித்து எழுத மனம் வரவில்லை. வரி எண்ணையும் என் ஊகத்தையும் போட்டுக் கேள்வி தயார். பிற்பகல் ஒன்றரை மணிக்கு முன் அனுப்ப வேண்டும்.